சமத்துப் பிள்ளை

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை வாசலில் கலாராணி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். கொழுந்து பறிக்கப் போன தயானி மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். தாய் சம்மதிக்காமல் பிள்ளைக்கு ஊசி குத்த முடியாது.

கலாராணி பசறைப் பக்கத்துத் தோட்ட லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். பச்சைப் பிள்ளையின் குதிகால் இரத்தத்தில் தைரொயிட் சுரப்பை அளக்கும் சோதனையைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவளே அவள்தான். "அதெல்லாம் கொழும்பில பாத்துக்குவாங்க" என்றவர்களோடு மல்லுக்கட்டி வாங்கிய மெஷின். தயானியின் பிள்ளைக்கு இரத்தம் தொட்டுக் காயவைத்து இந்தத் தோட்டத்திலிருந்து அனுப்பிய காகிதம் மட்டும் பழுப்பேறிப் புகை நாறியது. சூடுபட்ட இரத்தத்தில் மெஷின் எதைக் கண்டுபிடிக்கும்? மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லித் தோட்ட ஒஃபிசுக்குப் போன் மேல் போன் போட்டாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். தாயிடம் ஒரு வார்த்தை சொல்ல அங்கே யாருக்கும் வாய் இல்லை. பொறுக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியலெட்சுமி, தயானியின் குழந்தையைத் தூக்கி வந்தாள்.

"நாந்தாங்க மிஸ் அந்தக் காகிதத்தக் காய வச்சேன். மழை விட்டாத்தானே? விறகு காய வைக்கிறாப்பில அடுப்புக்கு மேல பரண்ல வச்சேன். தப்புங்களா?" என்றவள், பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள். "தங்கமான புள்ளைங்க. அழுகையே கெடையாது. பால் குடிக்கக்கூட நாமதான் எழுப்பணும். அம்புட்டுச் சமத்து!"

கலாராணியின் தம்பியையும் லயமே சமத்து என்றுதான் கொண்டாடியது. அவனுக்கு மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் சோறு ஊட்டித்தான் விட வேண்டும். குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்த தோல், மஞ்சள் மாறாத முகம், தடித்த நாக்கு. இனிச் சோதனை முடிவுக்குக் காத்திருப்பதே பாவம்.

தயானி கூடையோடு இறங்கி வந்து, மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும் என்றதும் தலையாட்டினாள். குதிகாலில் குத்தியதும் பிள்ளை லேசாக முகம் சுளித்தது, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா மிஸ், என்னா தைரியம்!" தாய் பெருமையாகச் சிரித்தாள்.

"வலிச்சா அழணும் தங்கச்சி. இதுக்கு அழவே தெம்பில்ல. உடம்புல ஒரு சுரப்பு ஊறலை. இன்னைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்கு வா. தினம் ஒரு சின்ன மாத்திரை குடுத்தாப் போதும், ஓடும், படிக்கும். நாளைக் கடத்தினா மூளை வளராது. அப்புறம் எந்த மருந்துக்கும் திரும்பாது."

தயானியின் சிரிப்பு அப்படியே நின்றது. தராசருகே நின்ற கணக்கப்பிள்ளை வீரய்யா திரும்பினார்.

"இப்ப போனீன்னா நாளைக்கு மலைக்கு வராத. பேர் பதியாத கைக்காசு ஆளுக்கு லீவு கீவு கெடையாது."

அதனால்தான் பிரசவ லீவும் இல்லாமல் பச்சை உடம்போடு மலையேறிக்கொண்டிருந்தாள் அவள்.

"நாளைக்கு வரலீங்க," என்றாள் தயானி. கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கினாள்.

பகல் பஸ் போய்விட்டது. கொழுந்து லொறி மட்டும் புறப்பட நின்றது.

"மெயின் ரோட்டு வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே," கலாராணி கெஞ்சினாள்.

டிரைவர் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான்.

"ஆள் ஏத்த ஏலாதுங்க," என்றார் வீரய்யா. "கொழுந்து நசுங்கிச் சூடேறிரும். ஒரு சாக்கு கெட்டுச்சுன்னாலும் தொரை என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாரு."

அவரே லொறி மேலே ஏறி, கொழுந்துச் சாக்குகளுக்கிடையில் காற்றுப் போக இடம் விட்டார். கொழுந்து வாடாமல் நல்ல ஈரச் சாக்காகப் பார்த்து மேலே விரித்தார். "பாத்து, குலுக்காமப் போ," என்று டிரைவரிடம் சொன்னார்.

தயானி இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் பிள்ளைக்குப் போர்த்திக்கொண்டு மெயின் ரோட்டை நோக்கி இறக்கத்தில் நடந்தாள். கலாராணி பக்கத்தில் குடை பிடித்தாள். லொறி ஹோன் அடித்து அவர்களை ஒதுக்கிவிட்டு முந்திப் போனது. சேறு தெறித்தது. அதற்கும் பிள்ளை அழவில்லை.