ஒரு பெட்டி பென்சில்

“இன்னும் எழுதலையாம்மா? பேப்பர்காரங்க மறுபடியும் போன் பண்ணிட்டாங்க,” என்று மகள் எட்டிப் பார்த்தாள்.

முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து அறையில் அவர் மனைவி மரண அறிவிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். ஆயுசு முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவள். ஊரார் எழுத்தையெல்லாம் பிய்த்து உதறியவளுக்கு, சொந்தப் புருஷனைப் பற்றி நாலு வரி ஓடவில்லை.

“அன்புக் கணவர்” என்று தொடங்கினாள். அடித்தாள். “பேருந்து ஓட்டுநராகப் பணியாற்றி” என்று எழுதினாள். அதையும் அடித்தாள். கைக்கு எட்டியது அவளுடைய சிவப்புப் பேனாதான். தாள் சிவந்து போயிற்று.

“ஒரு பென்சில் குடு. முதல்ல கிறுக்கிப் பாக்கறேன்.”

“நீயா? கிறுக்கவா?” மகளுக்கு அந்த நேரத்திலும் வியப்பு. “அப்பா டிராயர்ல இருக்கும்.”

ஓய்வு பெற்ற கையோடு ஒரு பெட்டி பென்சில் வாங்கிவந்தவர் அவர். பஸ்ஸில் பார்த்ததையெல்லாம் கதையாக எழுதப்போவதாகச் சொன்னார். சில நாள் கழித்து, வாயெல்லாம் பல்லாக ஒரு தாளை நீட்டினார்.

“சும்மா ரஃப்தான். எப்படியிருக்குன்னு மட்டும் சொல்லு.”

அவள் சொல்லவில்லை. தொழில் புத்தி; பேனாதான் முந்திக்கொண்டது. பக்கம் முழுக்கப் பிழைகளைச் சிவப்பில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாள். “முதல்ல ஒழுங்கா எழுதக் கத்துக்கோங்க. அப்புறம் கதை விடலாம்.”

“உங்கிட்ட தப்ப முடியுமா!” என்று அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் எழுத உட்காரவில்லை. ஆரம்ப சூரத்தனம் என்று அவள் கேலிகூடச் செய்தாள்.

அந்தக் கதை என்னவென்று இப்போது அவளுக்கு நினைவில்லை. மழையில் யாரோ ஓடிவருகிறார்கள், அவ்வளவுதான். பிழைகள் மட்டும் ஒன்று விடாமல் நினைவிருந்தன. பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டாள்.

பெட்டியைத் திறந்தாள். ஒன்றே ஒன்றுதான் சீவியிருந்தது. அதுவும் மற்றவற்றைவிட நகக்கண் அளவு குட்டை.

அதை எடுத்து எழுதினாள். நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல். “மழையில் ஓடிவருகிறவர்களுக்காக வண்டியை நிறுத்துவார். அதற்காக மேலதிகாரியிடம் திட்டு வாங்குவார். வீட்டுக்கு வந்து என்னிடமும் வாங்குவார்.”

மகள் தாளை வாங்கினாள். “நாலு வரிக்கு மேல போகுதேம்மா. அங்கங்க தப்பு வேற...”

“சும்மா ரஃப்தான்டி. எப்படியிருக்கு? அத மட்டும் சொல்லு.”

மகள் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள். அம்மா பென்சிலைச் சீவினாள். துருவல் அந்தச் சிவந்த தாளின்மேல் விழுந்துகொண்டிருந்தது.