முறியாத எலும்பு

நடந்து முடிந்த எந்தச் சம்பவத்துக்கும், அதற்கு முன்னால் அச்சான எந்தப் புத்தகத்திலிருந்தும் தீர்க்கதரிசனம் எடுத்துக் காட்ட டென்டன் புரூயிட்டால் முடியும். வேதாகமம்தான் வேண்டும் என்றில்லை, விதைக்கடை விலைப்பட்டியல் போதும்.

"கொண்டா, உன் விவாகரத்தையே எடுத்துத் தரேன். பூசணிப் பக்கத்துல இருக்கும்" என்றான் அக்காவிடம். அப்பாவின் சவப்பெட்டிக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்பா முன்னாடி நின்னு பேசுற பேச்சாடா இது?" லொரீன் மலர்வளையத்தை நேராக்கினாள். "போன ஞாயித்துக்கிழமகூட சொன்னாரு, இந்த வருஷத் தக்காளிய நீங்கதான் சாப்பிடணும்னு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"வருஷா வருஷம் அதத்தான் சொல்வாரு. செத்த வருஷம் மட்டும் பலிச்சிருச்சு."

ஊரார் வருவதற்கு முந்தைய நேரம் குடும்பத்துக்கு என்று விட்டிருந்தார்கள். அடுத்த அறையில் சபைப் பெண்கள் விருந்துக்குப் பன்றி இறைச்சி நறுக்கும் சத்தம் கேட்டது. அப்பா வர்ஜில் புரூயிட் அந்த கென்டக்கி ஊரின் பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளி வாத்தியார். தீர்க்கதரிசி சொன்ன பக்கத்திலிருந்து அது நிறைவேறிய சுவிசேஷப் பக்கத்துக்கு அவருடைய வேதாகமத்தில் சிவப்பு நூல் ஓடும். மூடி வைத்தால் பூனை மீசைபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவர் தீர்க்கதரிசனத்தைச் சொன்னதும் பிள்ளைகள் நிறைவேறிய இடத்தைப் புரட்டிப் பிடிக்க வேண்டும். எப்போதும் முதலில் பிடித்தவன் டென்டன். இப்போது லூயிவில்லில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறான். அப்பா கட்டிய நூலை அங்கே வகுப்பு வகுப்பாக அறுத்துக்கொண்டிருக்கிறான்.

"சுவிசேஷம் எழுதினவங்க பழைய ஏற்பாட்ட மடியில வச்சுக்கிட்டே எழுதியிருக்காங்கக்கா. ராஜா ஏறி வர்ற ஒரே கழுதைய தீர்க்கதரிசி அழகுக்காக ரெண்டு தரம் சொன்னாரு. ஒருத்தன் நிஜமாவே ரெண்டு கழுதையக் கொண்டாந்து கட்டிட்டான். பஸ்கா பலி ஆட்டோட எலும்ப முறிக்கக் கூடாதுன்னு சட்டம். உடனே இன்னொருத்தன் எழுத்துல, சிலுவையில இயேசுவுக்கும் ஒரு எலும்பும் முறியல. அதுக்கு மேல, பாத்தவனே சாட்சின்னு சத்தியம் வேற. நானே பாத்தேன்னு எவன் அடிச்சுச் சொல்றானோ, அவனத்தான் மொதல்ல சந்தேகப்படணும்."

வாசலில் அம்மா நின்றிருந்தாள். டென்டன் வாயை மூடிக்கொண்டான்.

அம்மா ஓப்பல் மெதுவாக வந்து கணவரின் கழுத்துப்பட்டையைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"நாற்காலியில உக்காந்தபடியேதான போனாரு?"

"ஆமாம்மா. சொன்னேனே."

"அப்ப சமையலறை மேச ஏன் சுவரோட ஒட்டிக் கெடந்துச்சு?"

"ஆம்புலன்ஸ்காரங்க தள்ளினாங்க."

"உன் பேன்ட்டு முட்டி ரெண்டுலயும் தக்காளிச் சாறு. நான்தான அலசினேன்."

டென்டன் பூக்களைப் பார்த்தான்.

அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூச்சு நின்ற பக்கத்துப் பண்ணைக்காரரை விலா எலும்பு ஒடிய நெஞ்சில் குத்திப் பிழைக்க வைத்ததைப் பார்த்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் போற நேரத்துல எவனும் ஏறிக் குத்தி எலும்ப ஒடைக்கக் கூடாது. எம் ஆண்டவர் மாதிரி முழுசாப் போகணும். அந்த ஒரு பாக்கியம் போதும்." அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். டென்டனும் வாய் நிறைய ஆப்பிள் கேக்கோடு "சரிப்பா" என்றிருந்தான்.

அம்மாவும் அக்காவும் பாடகர் குழுவுக்குப் போயிருந்த சாயங்காலம் அவர் தக்காளிக் கூடையோடு சமையலறைத் தரையில் சரிந்தார். நெஞ்சை அழுத்துங்கள், இன்னும் பலமாக அழுத்துங்கள் என்று ஆம்புலன்ஸ் தொலைபேசியில் ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். டென்டன் அழுத்தினான். உள்ளங்கைக்குக் கீழே காய்ந்த சோளத்தட்டை ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அழுத்தினான்.

"அவருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள் அம்மா. "ஒரு நாள் நானும் பரலோகத்துக்குப் போகணும். அவர் மூஞ்சியப் பாக்கணும்."

அவள் கை எழுந்து அப்பாவின் கோட்டுப் பொத்தான்களை நோக்கிப் போனது.

"ஒண்ணும் முறியலம்மா."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பக்கத்துலதான இருந்தேன்" என்றான் டென்டன். "நானே பாத்தேன்."

லொரீன் மலர்வளையத்தை விட்டுவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"ஒரு எலும்புகூடவா?" என்றாள் அம்மா. கை இன்னும் இறங்கவில்லை.

"ஒண்ணுகூட இல்ல."

தலைமாட்டிலிருந்த அப்பாவின் வேதாகமத்தை டென்டன் எடுத்து அவர் நெஞ்சின்மேல், கழுத்துப்பட்டை முடியும் இடத்தில் வைத்தான். அம்மாவின் கை அதன் தோல் அட்டையில் இறங்கி அங்கேயே நின்றது.

"பாஸ்டர்கிட்டயும் இப்படியே சொல்லிரு" என்றாள். "நாளைக்குப் பிரசங்கத்துல சேத்துக்கட்டும்."

"சரிம்மா."

ஒரு சிவப்பு நூல் வெளியே தொங்கியது. டென்டன் அதைச் சுண்டுவிரலால் பக்கங்களுக்குள் தள்ளிவிட்டான்.