முதலாளிக்கு ஒரு முழுக் கார்டு

காலை ஏழு பத்து. பனியன் கம்பெனியின் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நதியா, முதலாளியின் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

கம்ப்யூட்டர் என்று மேசையில் தனியாக எதுவும் இல்லை. சர்வர் ஒன்றுதான். அதற்குள் ஐந்து கம்ப்யூட்டர்கள், ஐந்து பேருக்கு. நான்கு டிசைனர்கள் வீட்டிலிருந்தே அதில் நுழைந்து, துணியைத் திரையிலேயே வெட்டித் தைத்தார்கள். திரையில் படத்தை அசைய வைக்க, சர்வரில் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள். ஒன்று, நான்காகப் பிரித்து அந்த நால்வருக்கு. இன்னொன்று முழுதாக முதலாளி ஈஸ்வரமூர்த்திக்கு. அவர் மெயில் பார்ப்பார். கேமராவில் தையல் லைனைப் பார்ப்பார். கார்டுக்கு வேலையே இல்லை. ஆனால் ஒருவருக்கு ஒதுக்கியது, சும்மா கிடந்தாலும் அடுத்தவருக்குப் போகாது.

முழுக் கார்டு யோசனை மேனேஜர் தனபாலுடையது. புது சர்வருக்குச் சந்தனம் வைத்துப் பூஜை போட்ட அன்று சொன்னார். "மொதலாளிக்கு முழுசா ஒண்ணு உட்ரு அம்மிணி. அவருக்கே பங்கு போட்டுக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

நதியா அப்போது வேலைக்குப் புதிது. சரி என்றாள்.

நேற்று, டிசைனர்களில் ஒருத்தியான சுபஸ்ரீயின் திரை மூன்று முறை நின்றது. அவள் உடுமலைப்பேட்டையில் இருந்தாள், மடியில் ஐந்து மாதக் குழந்தையோடு. ஹூடியில், அந்தத் தொப்பி வைத்த பனியனில், மடிப்பு விழுவதற்குள் சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. கால் கார்டு அதற்குப் போதவில்லை.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆர்டர் குடுக்கற பையர் பாக்கறாரு. அப்பவும் நின்னுச்சுன்னா, திங்கக்கெழமையில இருந்து எல்லாரும் கம்பெனிக்கே வந்துருங்க," என்றார் முதலாளி.

சுபஸ்ரீயால் வர முடியாது. வேலையை விட வேண்டியதுதான்.

நதியா இரண்டு கார்டுகளையும் பாதிப் பாதியாகப் பிரித்தாள். நான்கு பாதி, நால்வருக்கு. முதலாளியின் கம்ப்யூட்டரைக் கார்டு இல்லாமலே மறுபடி எழுப்பினாள். மெயில் திறந்தது. கேமரா ஓடியது.

எட்டரைக்குத் தனபால் வந்து எட்டிப் பார்த்தார். "மொதலாளி கார்டுலயே கைய வெச்சுட்டியா? தெக்கத்திக்காரியாச்சே, பயமே இல்ல."

"பயம் இருக்குண்ணே. பதினோரு மணி வரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

பதினொன்றுக்குப் பையர் முதலாளி அறைத் திரையில் வந்தார். நதியாவும் தனபாலும் முதலாளிக்குப் பின்னால் நின்றார்கள். சுபஸ்ரீ ஹூடியைச் சுழற்றினாள். துணி தோளில் விழுந்து மடிந்தது. கையை நீட்டச் சொன்னார்; நீண்டது. நிறத்தை மாற்றச் சொன்னார், மாறியது. எங்கோ குழந்தை அழுதது. பையர் சிரித்தார். சாம்பிள் தைத்து அனுப்ப வேண்டாம், இதுவே போதும் என்றார்.

ஈஸ்வரமூர்த்தி நாற்காலியைத் திருப்பினார்.

"பாத்தியா கண்ணு, சர்வருல ஒரு கொறையுமில்ல. என்னுதும் காலைல இருந்து வெண்ணெயாட்ட வழுக்கிட்டு ஓடுது. முழுக் கார்டுன்னா முழுக் கார்டுதான்."

தனபால் கூரையைப் பார்த்தார்.

"சார், உங்களுதுல காலைலருந்து கார்டே இல்ல," என்றாள் நதியா. "கேக்காமச் செஞ்சுட்டேன். அதுல பாதிதான் சுபஸ்ரீகிட்ட இருக்கு. திருப்பி வச்சா அவ திங்கக்கெழமை உடுமலையில பஸ் ஏறணும். வச்சுரவா சார்?"