நடுத்தாள்

“கவரைப் பிரிங்க மாமா.”

சாவிக்கடைக்காரரின் கையில் ஓடிக்கொண்டிருந்த அரம் நின்றது. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மிஞ்சிப்போன சந்தில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் சாவிகள். அவளைத் தொட்டிலிலிருந்து தெரிந்தவர், யாரோ வழிதவறி வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“என்ன சொன்னே?”

“காதுல விழுந்துச்சு உங்களுக்கு. கவரைப் பிரிங்கன்னு சொன்னேன்.”

“உங்கப்பன் அனுப்பினானா?”

“அவர் அனுப்புவாரா? ‘உயிரே போனாலும் சாவிகிட்ட அதை மட்டும் கேட்டுடாதே’ன்னு சொல்லி வளர்த்த மனுஷன். இப்ப உயிர்தான் போகுது. அதனால கேக்கறேன்.”

சாவிக்கடைக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு மறுபடியும் துடைத்தார்.

மூடிக்கிடந்த பழைய தியேட்டரின் படிக்கட்டில் ஞாயிறு காலையானால் ஒரு கூட்டம் கூடும். பழைய காமிக்ஸ் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், வாங்கவும் விற்கவும் வக்கில்லாமல் வேடிக்கை பார்க்கிறவர்கள். அவளுடைய அப்பா, லிஃப்ட் மெக்கானிக், அங்கே ‘லிஃப்ட்டு’. இவர் ‘சாவி’. ஒரு பல் டாக்டர் உண்டு, ஒரு தையல்காரர் உண்டு. அந்தப் படிக்கட்டில் எதை வேண்டுமானாலும் பேசலாம். அடிமாட்டு விலைக்குக் கேட்கலாம், ‘உன் புத்தகத்தைக் கரப்பான்கூடச் சீந்தாது’ என்று மூஞ்சிக்கு நேரே சொல்லலாம். மூடி ஒட்டிய கவரை மட்டும் பிரிக்கச் சொல்லக் கூடாது. கேட்டவன் அடுத்த ஞாயிறு வரவேண்டியதில்லை.

சாவியிடம் இருந்தது சாதாரணக் கவரும் இல்லை. ‘கையுறைக்காரன்’ வரிசையில், ‘மூழ்கும் கோபுரம்’. உள்ளே ஒரு காகிதக் கையுறையை இலவசமாக வைத்து, அச்சகத்திலேயே ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் உறை. அச்சான நாளிலிருந்து காற்றுப் படாத புத்தகம். கடையை மூடும்போது பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார் என்றால், அது கடைக்காக அல்ல, மேசை இழுப்பறையில் கிடந்த அதற்காக.

அப்பாவிடமும் அதே புத்தகம் இருந்தது, நடுத்தாள் இல்லாமல். பதினான்காம் பக்கத்தில் கையுறைக்காரனைக் கோபுரத்தின் அடியறையில் கட்டிப்போட்டிருப்பார்கள். தண்ணீர் தாடை வரை வந்துவிட்டிருக்கும். அடுத்த பக்கம் பத்தொன்பது. அங்கே அவன் படகில் உட்கார்ந்திருப்பான், தலைகூட வாரி. நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் அப்பா அவளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார். ஒருநாள் எலி வந்து கயிற்றைக் கடித்தது. ஒருநாள் அம்மாவே கரண்டியோடு வந்து வில்லனை விரட்டினாள். பெரும்பாலும் எப்படியோ ஒரு லிஃப்ட் வந்துவிடும். அவள் எழுத்துக் கூட்டக் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்தப் புத்தகத்தின் பேச்சுக் குமிழிகளில். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். ஏறியதும் அவளுக்கு முதலில் வந்தது கோபம். அலமாரி நிறையக் காமிக்ஸ், அவள் படிக்க ஒரு மேசை இல்லை. அதையும் அப்பாவின் முகத்துக்கு நேரேதான் கேட்டாள். மறுவாரம் அப்பா, யாரோ கழற்றிப் போட்ட லிஃப்ட் கதவை நான்கு கால் வைத்து மேசையாக்கிக் கொண்டுவந்தார். எழுதும்போது கடகடவென்று ஆடும். அதில்தான் படித்துத் தேறினாள்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்தபடியே, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்றபோது, “நிமிர்ந்து எங்கப்பாவைப் பார்த்துச் சொல்லுங்க” என்றாள். அவர் நிமிர்ந்தார். பார்த்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா எதையும் கேட்கவில்லை. நேற்று மட்டும், கூரையைப் பார்த்துக்கொண்டு, “அவன் எப்படித்தான் வெளிய வந்தான்னு தெரிஞ்சா தேவலாம்” என்றார்.

இதை அவள் சொல்லி முடித்ததும் சாவிக்கடைக்காரர் இழுப்பறையைத் திறந்தார்.

“பிரிச்சா இது வெறும் பழைய புஸ்தகம். தெரியும்ல?”

“தெரியும்.”

“பல் டாக்டர் நாலு வருஷமா என் பின்னாடியே அலையறான் இதுக்கு.”

“அதுவும் தெரியும்.”

“உன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா” என்று முனகியபடி பிளேடை எடுத்தார். எத்தனையோ பேருடைய பூட்டை அலட்சியமாகத் திறந்த கை, அந்த உறையின் ஓரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தது. அறுத்தார். பழைய மையின் வாசம் ஒரு நொடி வந்து போயிற்று. கறுப்புக் காகிதக் கையுறை மேசைமேல் விழுந்தது.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. தாடை வரை தண்ணீர்.

பத்தொன்பது. படகு.

பின்னால் போய் மறுபடி புரட்டினாள். அவர் பிடுங்கி வாங்கித் தானும் புரட்டினார். நடுவில் இரண்டு பின்களும் துருவின்றி, அசைவின்றி, அடித்தது அடித்தபடி இருந்தன. எதுவும் கிழியவில்லை, உருவப்படவில்லை. அச்சகத்துக்காரன் அந்தத் தாளை வைக்கவே மறந்துவிட்டான், இந்தப் பிரதியில் மட்டுமல்ல. அப்பாவின் பிரதியில் இல்லாததைப் பழைய பேப்பர் கடைக்காரன் தலையில் போட்டார்கள். தையல்காரரின் பிரதியில் இல்லாததற்குக் கடலை மடித்தவன்மேல் பழி. டாக்டரோ, தன் தம்பிதான் சின்ன வயதில் உருவிவிட்டான் என்று சண்டை போட்டு, தலை நரைத்த பிறகும் அவனோடு பேசுவதில்லை. எல்லாருக்கும் தாள் தொலைந்திருந்தது. முழுசாக இருப்பது சாவியிடம் மட்டும்தான் என்று எல்லாரும் நம்பினார்கள், சாவி உள்பட.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“இத்தனை வருஷம் வெறும் ஓட்டையவா பூட்டி வச்சிருந்தேன்?”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு புத்தகத்தையும் கையுறையையும் பையில் வைத்தாள்.

“இந்தா, அவன்கிட்ட உண்மையச் சொல்லாதே” என்றார் சாவி. “நாலு பக்கம் ஏதாவது கட்டி விடு. நல்லாயிருக்கிற மாதிரி. கடைசி நேரம்மா.”

“எங்கப்பாகிட்டயா? பொய்யா?”

“நல்லதுக்குத்தானே சொல்றேன்.”

“கடையைச் சாத்திட்டு வாங்க மாமா” என்றாள்.

வீட்டில் அம்மா, அப்பாவின் நெற்றியை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அலமாரியின் பக்கம் தலையை ஆட்டி, “எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படித் தொடச்சு விட்டதில்ல. அதுங்களத்தான் வாரா வாரம் தொடைப்பார் மனுஷன்” என்று சொல்லிவிட்டு, துணியை மறுபடி நனைத்தாள். சாவி வாசற்படியைத் தாண்டாமல் நின்றார்.

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா. சாவி மாமா கவரைப் பிரிச்சிட்டார்.”

அப்பாவின் கண் திறந்தது. முதலில் அதில் வந்தது கோபம்.

“கேட்டியா அவன்கிட்ட?”

“கேட்டேன்.”

“சொன்னேன்ல உன்கிட்ட.”

“நீங்க சொன்ன எதை நான் கேட்டிருக்கேன்? அதை விடுங்க. அதுலயும் நடுத்தாள் இல்லப்பா. அச்சகத்துக்காரன் வைக்கவே இல்ல. பின்னு அசையல. யாருமே கிழிக்கல.”

அம்மா துணியைப் பிழிந்தாள். சாவி வாசலில் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பாவின் தோள் குலுங்கியது. அம்மா பதறி எழுந்தாள். ஆனால் அது சிரிப்பு. சத்தம் வர மூச்சு போதவில்லை, அவ்வளவுதான்.

“அப்ப அவன் எப்படி வெளிய வந்தான்னு...”

“யாருக்கும் தெரியாது.”

“அவனுக்கே தெரியாது” என்றார் அப்பா. மறுபடி குலுங்கினார். கண்ணோரம் வழிந்ததை அம்மா அதே துணியால் துடைத்தாள். “டேய் சாவி... இதையாடா பூட்டி வச்சே?”

“சிரிடா, நல்லா சிரி” என்றார் வாசலில் நின்றவர். பிறகு உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா, “கையுறை இருக்கா?” என்றார். இருந்தது. சின்னப் பிள்ளைக்கான அளவு. ராடும் கிரீஸும் பிடித்துப் பருத்த அந்த விரல்களில் இரண்டுக்குமேல் நுழையவில்லை. நுழைந்த இரண்டை ஆட்டிப் பார்த்தார்.

“டாக்டர்கிட்டச் சொல்லிடு” என்றார். “தம்பி கிழிக்கலன்னு சொல்லு. முட்டாப்பய... எவ்ளோ வருஷம்.”

“சொல்றேன்.”

“இப்ப நடுவுல இருக்கிறதச் சொல்லு.”

“நீங்கதானே சொல்வீங்க.”

“மூச்சு இல்ல. நீ சொல்லு.”

அவளுக்குக் கதை சொல்ல வராது. அவள் வேலை பார்க்கும் தணிக்கை அலுவலகத்தில் கணக்குப் பார்த்து எழுதுகிற அறிக்கை மாதிரிதான் எதுவும் வரும். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“தண்ணி தாடைக்கு வந்துடுச்சு. பக்கத்துலயே லிஃப்ட் குழி. இவன் எப்படியோ கைக்கட்டை அவிழ்த்துட்டு, லிஃப்ட் கயித்தை அறுத்துடறான். மேலேர்ந்து வில்லனோட லிஃப்ட்டு தடால்னு கீழ...”

“விழாது.”

“என்னப்பா?”

“கயிறு அறுந்தாலும் விழாதும்மா. பிரேக்கு... ரெண்டு பக்கமும் கடிச்சு நிறுத்திடும். எத்தனை தரம் சொல்லியிருக்கேன்.”

“சரி, விழல. கயித்தை அறுக்கல. பின்னே?”

அப்பா கையுறை மாட்டிய விரல்களை மெல்ல மேலே தூக்கிக் காட்டினார். அவளுக்கு ஞாபகம் வந்தது. எத்தனையோ தடவை கேட்டதுதான்.

“எதிர்வெயிட்டு” என்றாள். “லிஃப்ட் மேல இருந்தா, அந்த இரும்பு வெயிட்டு கீழ, தண்ணிக்குள்ள இருக்கும். இவன் அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருக்கான். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. வில்லனுக்குப் பொறுக்கல. இவன் செத்துட்டானா பார்க்கணும். மேல லிஃப்ட்ல ஏறி பட்டனை அமுக்கறான். அவன் கீழ வர வர...”

“ம்.”

“அவன் கீழ வர வர, இவன் மேல போறான். ஒவ்வொரு மாடியா. பாதி வழியில ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கறாங்க. வில்லனுக்கு லிஃப்ட்டை நிறுத்தத் தெரியல. இவன் தொப்பியத் தூக்கி ஒரு வணக்கம் வச்சிட்டு...”

‘ம்’ வரவில்லை. அவள் நிறுத்தவில்லை. மாடி மாடியாக ஏற்றிக் கொண்டுபோய், மொட்டைமாடியில் இறக்கி, காற்றில் அவன் சட்டையைக் காயவைத்து, சீப்பு ஒன்றைத் தேடிக் கொடுத்து, படகில் உட்காரவைத்த பிறகுதான் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கை அப்பாவின் நெற்றியிலேயே இருந்தது. துணி தரையில் கிடந்தது.

சாயங்காலத்துக்குள் வீடு ஆட்களால் நிறைந்தது. அப்பா பழுதுபார்த்த கட்டடங்களிலிருந்து வாட்ச்மேன்கள் வந்தார்கள். பெரியப்பா நாற்காலிகளுக்குச் சொல்லி அனுப்பினார். கையுறையைக் கழற்றலாமா என்று யாரோ கேட்டதற்கு, “அது அப்படியே இருக்கட்டும்” என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்.

அவள் தன் ஆடும் மேசையின்மேல் இரண்டு பிரதிகளையும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று பளபளவென்று, மற்றது எண்ணெய்க் கறையோடு. இரண்டும் ஒரே இடத்தில் நின்றன.

சாவி பின்னால் வந்து நின்றார். ஜன்னல் வழியே வாசல் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கிழமை மாறி, கை கட்டிக்கொண்டு நின்றிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் பல் டாக்டர். அந்தப் பக்கம், அதே மூக்கும் அதே வழுக்கையுமாக, அவருடைய தம்பி. தம்பி குடியிருக்கும் கட்டடத்திலும் லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டவர் அப்பாதான். இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னிக்கேவா சொல்லப் போறே?” என்றார் சாவி. “எல்லாரும் போகட்டும். ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம். நான் இதை வச்சு எவ்ளோ மிதப்பா திரிஞ்சவன்னு உனக்குத் தெரியாதா.”

“உங்க மானம் போயிடுமா மாமா?”

அவர் யோசித்தார். ஜன்னல் வழியே மறுபடி பார்த்தார்.

“அது காலையில அந்த பிளேடோடயே போச்சு” என்றார். “தம்பிக்காரனையும் வச்சுக்கிட்டே சொல்லு. இல்லேன்னா டாக்டர் நம்ப மாட்டான்.”

அவள் எண்ணெய்க் கறை படிந்த பிரதியை அலமாரியில் அதன் இடத்தில் செருகினாள். மற்றதை எடுத்துக்கொண்டாள். வாசலில் குவிந்திருந்த செருப்புகளில் தன்னுடையதைக் காலாலேயே தேடி மாட்டினாள். பதினான்குக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் ஒரு விரலை வைத்து மூடியபடி, படியிறங்கி, கேட்டின் பக்கம் நடந்தாள்.