விறைக்குது என்றொரு சொல்

கிளிநொச்சியில் கைத்தொலைபேசிக் கண்ணாடிகளைத் துடைத்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. எங்கிருந்தோ பெட்டி பெட்டியாக வரும் கண்ணாடிகளை, ஒரு திரவத்தில் நனைத்த துணியால், விரல் அடையாளமும் தங்காமல் துடைக்க வேண்டும். அந்தத் திரவப் புட்டியில் ஒட்டியிருந்த பெயரை எவரும் வாசித்ததில்லை. வயலுக்கு அடிப்பதை மருந்து என்று சொல்லிப் பழகிய பெண்கள் இதையும் மருந்து என்றே சொன்னார்கள். மருந்து சட்டென்று காய்ந்துவிடும். அதுதான் அதன் பெருமை. கையுறை போட்டால் வேலை பிந்துகிறது என்று மேற்பார்வையாளர் நிருஷன் முகம் சுளிப்பதால், கையுறைகள் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்தன.

அக்கராயனிலிருந்து வேலைக்கு வந்துபோகும் சுதாஜினிக்கு முதலில் சுண்டுவிரல்தான் உணர்விழந்தது. பிறகு மற்ற விரல்கள். வலி இல்லாதபடியால் அவள் அதை நோயாக எண்ணவில்லை. ஒருநாள் குசினியில் ரொட்டி சுடுகையில் ஏதோ கருகும் மணம் வந்தது. ரொட்டியைப் புரட்டிப் பார்த்தாள், அது கருகவில்லை. கல்லில் பட்டுக்கொண்டிருந்தது அவளுடைய விரல். கையைத் தண்ணீருக்குள் வைத்து எடுத்து, மிச்ச ரொட்டியையும் சுட்டு முடித்தாள். அழுகை வரவில்லை. அதன் பின்னர், மகளுக்குக் காய்ச்சலா என்று பார்க்க, நெற்றியில் கைக்குப் பதிலாகத் தன் கன்னத்தை வைக்கப் பழகிக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான், தொலைபேசிகளை விற்கும் பெரிய நிறுவனம், தனக்காக உழைக்கும் கைகள் நீதியாக நடத்தப்படுகின்றனவா என்று அறிய ஆட்களை அனுப்பியது. வந்தவர்கள் ஒரு வெள்ளைக்கார அதிகாரியும், அவருக்கு மொழிபெயர்க்கச் சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்ணும். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லும்படி நிருஷன் முதல்நாளே எல்லோரையும் கேட்டுக்கொண்டான். வேலை போனால் அடுத்த வேலை எங்கே என்பதை அவன் சொல்லவில்லை; சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மொழிபெயர்க்க வந்தவள் நல்லவள். கதிரையை இழுத்துப்போட்டுச் சுதாஜினியின் பக்கத்தில் அமர்ந்து, குறை ஏதும் உண்டா என்று கேட்டாள். சுதாஜினி பல நாளாக மனத்துக்குள் வைத்திருந்த ஒரே வசனத்தைச் சொன்னாள்.

"கை விறைக்குது, மிஸ்."

"விறைக்குதா? சில்லுன்னு இருக்காம்மா?"

தொடக்கத்தில் ஐஸைத் தொட்டாற்போலத்தான் இருந்தது. "ஓம் மிஸ், முதல்ல அப்பிடித்தான்" என்றாள். அந்தப் பெண் பரிவோடு தலையசைத்து எழுதிக்கொண்டு, அவளை ஒரு படமும் எடுத்தாள்.

பல்லுப் பிடுங்கும் முன் போடுவதை விறைப்பு ஊசி என்று சொல்லும் ஊர் இது. அந்தப் பெண்ணின் ஊரிலோ விறைப்பது குளிரினால்தான். உணர்வு போனால் மரத்துப்போயிற்று என்பார்கள். இருவரும் பேசியது தமிழ் என்பதால், நடுவில் ஒரு கடல் கிடந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

விரைவிலேயே திருத்தம் வந்தது. மண்டபத்துக் குளிரூட்டியின் குளிர் குறைக்கப்பட்டது. தொழிலாளரின் குரல் கேட்கப்பட்டது என்று, சுதாஜினியின் படத்தோடு சுவரில் ஒரு பதாகை ஏறியது. மண்டபம் சூடாக, மருந்து முன்னிலும் வேகமாக ஆவியாகி மூக்கில் ஏறியது. அவள் நிருஷனிடம் போய் விளக்கினாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"குளிருதெண்டு சொன்னது நீர்தானே, தங்கச்சி. குறைச்சாச்சு. இனி வேற கதை சொன்னா எங்களைத்தான் பொய்யரெண்டு நினைப்பினம்."

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த பக்கத்து மேசை ஆன்சலா, சாப்பாட்டு நேரத்தில் ஒரு கதை கட்டினாள். யானை ராசா குடிமக்களின் குறை கேட்கப் புறப்பட்டதாம். வளைக்குள் ஒரே புகை என்றதாம் முயல். அவ்வளவு பெரிய காது இருந்தும் யானைக்கு அது இருட்டு என்று கேட்டதாம். மனமிரங்கி, வெளிச்சத்துக்கென்று ஒரு தீப்பந்தம் அனுப்பிவைத்ததாம்.

"பிறகு முயலுக்கு என்ன நடந்தது?" என்று சுதாஜினி கேட்டாள்.

"பந்தத்துக்குப் பக்கத்தில நிண்டு படம் எடுத்தது. உன்னை மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். சுதாஜினியும் சிரித்தாள். சிரித்தது வாய்தான், அவளுக்கு உள்ளே ஒன்றும் உறைக்கவில்லை.

திருத்தம் நிலைத்திருக்கிறதா என்று பார்க்க அவர்கள் மறுபடி வந்தபோது, அந்தப் பெண் நேரே அவளிடம் வந்தாள்.

"இப்போ சில்லுன்னு இல்லையேம்மா?"

நிருஷன் சற்றுத் தள்ளி நின்றான். ஆமோதித்தால் வேலை இருக்கும், கை போய்விடும். மறுத்தால் வேலை போகலாம். சுதாஜினி வேறொரு சொல்லைத் தேடினாள். அது அவளிடம் இல்லை.

அடையாள அட்டையைச் சட்டையில் கோத்திருந்த ஊசியைக் கழற்றினாள். துடைத்துவைத்த கண்ணாடியின் மேல் இடக்கையை விரித்து, சுட்டுவிரல் நுனியில் ஊசியை ஏற்றினாள், மெதுவாக, பூக்கோப்பதுபோல. முகத்தில் எதுவும் அசையவில்லை. வேறு யாருடையதோ விரல்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் ஒரு துளி இரத்தம் விழுந்தது.

அந்தப் பெண் பதறிப்போய் ஊசியைப் பிடுங்கினாள். "வலிக்கலையா?"

"இல்லை, மிஸ். அதைத்தான் அண்டைக்கும் சொன்னனான்."

"மரத்துப்போச்சா!" என்று அந்தப் பெண் அவள் விரல்களை முகர்ந்து பார்த்தாள்; மருந்து மணம். பிறகு மருந்துப் புட்டியைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த பெயரை அதிகாரிக்கு எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினாள். மற்ற மேசைகளைப் பார்த்து, உங்களுக்கும் விறைக்குதா என்று கேட்டாள். முதலில் ஆன்சலாவின் கை உயர்ந்தது. பின்னர் மற்றக் கைகளும்.

சுதாஜினி கையை உயர்த்தவில்லை. பழக்கத்தில் அடுத்த கண்ணாடியை எடுத்துத் துடைக்கத் தொடங்கியிருந்தாள். அந்தப் பெண் திரும்பிவந்து அவள் கையிலிருந்த துணியை மெல்ல உருவி எடுத்தாள். கண்ணாடியில் ஈரம் படவில்லை என்று கண்ட பிறகுதான், துணி கையில் இல்லை என்பது சுதாஜினிக்குத் தெரிந்தது.