நின்றுபோன சுவாசக் கருவி

செங் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் சுவாசக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் சிவகாமசுந்தரி மென்பொருள் பொறியாளர். அதே நகரின் கஜா பெராங் பகுதியில் இருந்த வீட்டில் அவளுடைய அண்ணன் நல்லையா தசைகள் தளர்ந்து படுக்கையில் கிடந்தார். அவர் நெஞ்சுக்குள் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்ததும் அதே நிறுவனத்தின் பழைய கருவிதான்.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் பிற்பகல் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. தொழிற்சாலை விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. சோதனை மேசையில், அவள் உருவாக்கிய புதிய மென்பொருளை ஏற்றி, பேட்டரி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பழைய கருவியும் அணைந்து மறுபடி கிளம்பியது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. திரையில் ஒரே ஒரு வரி: அமைப்புகளைத் திறக்க முடியவில்லை.

மறுபடி இயக்கிப் பார்த்தாள். அதே வரிதான். காரணம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

கருவிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கணினியில் நினைவிடம் மிகக் குறைவு. அதனால் புதிய பதிப்பை உருவாக்கும்போது, இயங்குதளத்துக்குத் தேவையில்லை என்று நினைத்த சில கோப்பு முறைமைகளை, அதாவது தகவலை எழுதிப் படிக்கும் வழிகளை, அவள் நீக்கியிருந்தாள். புதிய கருவிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. பழைய கருவிகளோ டாக்டர் குறித்துக் கொடுத்த காற்றளவை அந்தப் பழைய முறையில்தான் சில்லுக்குள் எழுதி வைத்திருந்தன. எழுத்து அங்கேயே இருந்தது, படிக்கத்தான் கருவிக்குத் தெரியவில்லை.

புதிய பதிப்பில் அபாய மணி சீக்கிரம் ஒலிக்கும். அந்த ஆசையில், வெளியாகும் முன்பே அதை நேற்று மாலை அண்ணனின் கருவியில் ஏற்றியிருந்தாள். ஒருமுறை அணைத்து இயக்கினால்தான் புதிய இயங்குதளம் வேலைக்கு வரும். அதுவரை பழையதே ஓடும். அதனால்தான் அண்ணன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.

உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். அண்ணி சீதா எடுத்தாள்.

“அண்ணி, அங்க கரண்ட் இருக்கா?”

“இப்பதான் போச்சு. மெஷின் பேட்டரியில ஓடுது. ஆனா விடாம கத்திக்கிட்டே இருக்கு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்கட்டுமா?”

“ஐயோ வேணாம் அண்ணி! பட்டன் பக்கம் கையே கொண்டு போகாதீங்க! அமுக்குற காத்துப் பையைக் கையில எடுத்து வச்சுக்குங்க. மெஷின் நின்னா உடனே அமுக்க ஆரம்பிங்க. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.”

பக்கத்து மேசை சிஹாபுதீன் அதற்குள் ஆம்புலன்ஸை அழைத்திருந்தான். மரம் விழுந்து பாதை அடைபட்டிருப்பதால் தாமதமாகுமாம்.

எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று குறிக்கும் உள்ளமைவுக் கோப்பைத் திறந்து, பழைய முறைமைக்கு ‘இல்லை’ என்றிருந்த வரியைத் தேடினாள். ‘ஆம்’ என்று மாற்றுவதற்குள் விரல்கள் தப்பும் தவறுமாக ஓடின.

“நீங்க போங்க அக்கா,” என்றான் சிஹாபுதீன். “நான் முடிச்சு, மெமரி கார்டுல ஏத்தி, மோட்டோவுல வந்துடறேன். ஜாம்ல மாட்ட மாட்டேன்.”

“மேசையில இருக்கிற மெஷின்ல போட்டுப் பார்த்துட்டுத்தான் கொண்டு வரணும்.”

“தெரியும் லா. போங்க!”

சாலையில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அவள் காரும் மற்ற கார்களோடு நத்தையாக ஊர்ந்தது. அண்ணி போனை எடுக்கவில்லை. கையில் பை இருப்பதால் எடுக்கவில்லையா, வேறு ஏதாவது ஆகிவிட்டதா? அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கருவியிடமிருந்து சத்தமே இல்லை. கட்டிலில் மண்டியிட்டு அண்ணி பையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

“பேட்டரி தீர்ந்து நின்னுடுச்சு சிவகாமி. இப்ப கரண்ட் வந்துருச்சு, ஆனா இது எந்திரிக்க மாட்டேங்குது,” என்றாள். அவள் கைகள் துவண்டிருந்தன.

சிவகாமசுந்தரி பையை வாங்கிக்கொண்டாள். அமுக்கினால் அண்ணனின் நெஞ்சு ஏறியது, விட்டால் இறங்கியது. அவர் கண்கள் இமைக்காமல் அவளையே பார்த்தன.

“இதுக்கு என்னதான் ஆச்சு?”

“நான் நேத்து ஏத்துனதுதான் அண்ணி. நான்தான் பண்ணிட்டேன்.”

அண்ணி குனிந்து கணவரின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

சிஹாபுதீன் மோட்டார் சைக்கிளில் சொட்டச் சொட்ட நனைந்து வந்தான். பிளாஸ்டிக்கில் சுற்றிய கார்டைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கருவியில் செருகி இயக்கினான். “மேசையில நல்லா ஓடுச்சு அக்கா.”

திரை விழித்தது. முன்பு நின்ற அதே இடத்தில் நின்றது. சிவகாமசுந்தரி பையை அமுக்கிக்கொண்டே இருக்க, மூவரும் திரையையே பார்த்தார்கள். பிறகு எண்கள் ஒவ்வொன்றாக வந்தன, எல்லாம் டாக்டர் குறித்துக் கொடுத்தவை. குழாயை அவருடைய மூக்கு முகமூடியில் பொருத்தியதும் கருவி ஒரு நீண்ட மூச்சை உள்ளே தள்ளியது.

அரைமணி கழித்து வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, பயமில்லை, ஆனாலும் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். வண்டியில் ஏற்றும்போது நல்லையா தங்கையைக் கண்ணால் அழைத்தார். அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“ரொம்பப் பயந்துட்டேன் சிவகாமி,” என்றார்.

இத்தனை வருட நோயில் அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. தானும்தான் என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் காலைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள்.