குழாயடியில் படுத்திருந்த காப்பி

கோலா கங்சார் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், வரிசை வீடுகளான மூன்றாவது லயத்துக்கு வருகிறவர்கள் காலைப் பார்த்து வைக்கப் பழகியிருந்தார்கள். அங்கே குடியிருந்த, லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் பத்துமலை, மனைவியை இழந்தவர். அவருடைய மூன்று நாய்களும் எங்கே ஆள் நடமாட்டம் அதிகமோ அங்கேதான் படுக்கும். டைகர் நடைபாதையின் குறுக்கே நீட்டிப் படுத்திருக்கும். வெள்ளச்சி எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறதோ அந்த வாசற்படியில். செம்பழுப்பாக இருந்த காப்பிக்குக் குழாயடிப் படிக்கட்டுதான் படுக்கை. சைக்கிள் மணி அடித்தால் காதை மட்டும் ஆட்டும்.

பக்கத்து வீட்டு எல்ஸி அவற்றைத் திட்டாத நாள் இல்லை. திட்டிக்கொண்டே மிச்சச் சோற்றையும் வைப்பாள். வயிற்றில் பிள்ளை வளர வளரத் தாண்டுவது சிரமமாயிற்று.

"அண்ணே, ஒங்க நாய கொஞ்சம் ஓரமா படுக்கச் சொல்லுங்க. வாளியோட எப்படிப் போறது?"

"நான் சொன்னா கேக்குமா? நீ சொல்லிப் பாரு, ஒன் சோத்தத்தானே திங்குது" என்பார் பத்துமலை.

அது எழுபத்தெட்டாம் வருஷம். எல்ஸி மருந்தடிப்புக் கும்பலில் இருந்தாள். புல் கொல்லி மருந்து நிரம்பிய தொட்டியை முதுகில் சுமந்துகொண்டு, பால்மர நிரைகளுக்கு நடுவே அடித்துப் போக வேண்டும். காற்று திரும்பினால் முகத்திலும் கழுத்திலும் படும். முதுகில் ஒழுகி ரவிக்கை நனையும். புருஷன் மத்தியாஸ் அந்த வேலையை விடச் சொன்னான். பிள்ளை பிறக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்று அவள்தான் கேட்கவில்லை.

ஏழாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பிள்ளை துடிக்கவில்லை. தூங்குகிறது என்று நினைத்தாள். மறுநாளும் அசைவில்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு, பக்கவாட்டில் படுத்து, வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்ற பயம்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியவள் காப்பியின் மேல் இடறி விழுந்தாள். வாளி உருண்டது. காப்பி ஊளையிட்டுக்கொண்டே பின்னங்காலை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. லயமே கூடிவிட்டது. இடுப்பு வலி எடுத்ததும் தோட்டத்து வேனில் போட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. தாதியாக இருந்த மலாய்க்கார மிஸி அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: பிள்ளை விழுந்ததால் சாகவில்லை, முன்னாலேயே போய்விட்டது, தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. பிறகு, "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்டாள். எல்ஸி சொன்னதும் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டாள். மத்தியாஸ் அப்போது வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் எல்ஸி இருந்தாள். ஆனால் அவள் வருவதற்குள் லயம் முடிவு கட்டியிருந்தது. நாய்தான் பிள்ளையைக் கொன்றது. மத்தியாஸ் கதவு நிலையில் சாய்ந்து குழாயடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணைப் பார்த்ததும் அவள் சொல்லாமலே உள்ளே போய்விட்டாள். துடிக்கவில்லை என்று தெரிந்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். 

மறுநாள் பத்துமலை வந்து வாசலில் நின்றார். கையில் கயிறு இருந்தது. பின்னால் தோட்டத்தில் காவல் பார்க்கும் ஜாகா சீனி, காவல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"மூணையும் சுட்டுரணும்னு எல்லாரும் சொல்றாங்கம்மா. நீ சொல்லு. நீ வேணாம்னா விட்டுர்றேன்."

எல்ஸி பாயில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி மார்பு கல்லாக வலித்தது. மத்தியாஸ் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிம்மா" என்றார் பத்துமலை.

டைகரும் வெள்ளச்சியும் வாலை ஆட்டிக்கொண்டு அவருக்கு முன்னாலேயே ஓடின. காப்பி எழுந்திருக்கவில்லை. விழுந்தவளின் பாரத்தில் அதற்கு இடுப்பு ஒடிந்திருந்தது. அவர் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மூன்று தரம் வெடிச் சத்தம் கேட்டது. மத்தியாஸ் கதவைச் சாத்தினான்.

அதன் பிறகு குழாயடி காலியாகத்தான் கிடந்தது. வாளியைத் தூக்கி வருகிற பெண்கள் அந்தப் படியில் பழக்கத்தில் காலை அகட்டி வைப்பதை எல்ஸி பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மறுபடி வேலைக்குப் போன அன்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பாப்பா மருந்துத் தொட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வீட்டுப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம். மாசமாக இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். எல்ஸி நேரே போய் அவள் தோளிலிருந்து வாரைக் கழற்றினாள்.

"என்னக்கா?"

"இதத் தூக்காத. என் புள்ள நாயால சாவல. நான் விழுறதுக்கு முன்னாடியே செத்துருச்சு. துடிக்கலன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில மிஸியும் சொன்னா. இந்த மருந்தாலதானான்னு எனக்குத் தெரியாது. நீ தூக்காத, அவ்ளோதான்."

 வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மாயாண்டி வந்து, "என்ன எல்ஸி, வேல நேரத்துல சூசா பண்ற? வம்பு வேணாம்" என்றார். பாப்பா தொட்டியைத் திரும்ப எடுக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக அவள் பக்கத்தில் வந்து நின்றதும், மண்டோர் முணுமுணுத்துக்கொண்டே பாப்பாவைப் புல் வெட்டும் கும்பலுக்கு மாற்றினார்.

பால்வெட்டுக்காரர்கள் வரிசையில் மத்தியாஸ் நின்றிருந்தான். லோரியின் மேல் பத்துமலை நின்றிருந்தார். இருவர் காதிலும் விழுந்துவிட்டது. பத்துமலை கையிலிருந்த பால் வாளியை இறக்கி வைத்தார். பிறகு அடுத்ததை எடுத்தார்.

சாயங்காலம் எல்ஸி அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"ஆமா, சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். முகத்தில் கோபம் தெரியவில்லை. "கூப்பிட்டதும் ரெண்டும் எனக்கு முன்னாடி ஓடுச்சுங்க. வேட்டைக்குப் போறோம்னு நெனச்சிருக்கும்."

அவள் அழுதாள். அவர் அவளைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. இருட்டியதும் உள்ளே போய் விளக்கை ஏற்றினார்.

மத்தியாஸ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. படுக்கும்போது, "எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருப்பேன்ல" என்று மட்டும் கேட்டான். அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். "பயந்துட்டேன்" என்றாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பழையபடி பேச அவனுக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. மருந்தடிப்புக்கு மட்டும் அவள் மறுபடி போகவில்லை.

அந்த வருஷம் தீருவதற்குள் பத்துமலை சித்தியவானில் இருந்த தங்கை வீட்டோடு போய்விட்டார். புறப்பட்ட அன்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். எல்ஸி வீட்டு வாசலுக்கும் வந்தார். "வாரேம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பாப்பாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது, சுகப் பிரசவம். எல்லோரும் போய்ப் பார்த்து வந்தார்கள். எல்ஸி சவர்க்காரமும் துணியும் வாங்கி மத்தியாஸிடம் கொடுத்தனுப்பினாள். பிள்ளை தவழத் தொடங்கிய பிறகுதான் ஒரு நாள் பாப்பாவே தூக்கி வந்து, கேட்காமல் அவள் மடியில் வைத்தாள்.